வளைகாப்புக்குப் போன பிளசர்

பழைய வண்டி வாங்கப் போகிறவன் இஞ்சின் எப்படி என்று கேட்க வேண்டும். கொஞ்சம் விவரமானவன், இது முன்னே யாரிடம் இருந்தது, எதற்காக ஓடியது என்றும் கேட்பான். நான் ஹாரன் அடிக்குமா என்று கேட்டேன். அடித்தது. வாங்கிவிட்டேன்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் என்ன சாமான் வாங்கப் போனாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போவதில்லை. மிக்ஸி வாங்கும்போதுகூட "அண்ணன் தூங்கும்போதே போயிட்டு வந்துருவோம்" என்று கிளம்பியவர்கள் இவர்கள். (நான் தூங்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.)

கதை என் தங்கை செல்வியின் கல்யாணத்தில் தொடங்குகிறது. எங்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். அவளைக் கட்டிக்கொடுத்தது, நாங்கள் வத்ராப்பு என்று சொல்கிற வத்திராயிருப்புப் பக்கம், வ. புதுப்பட்டியில். கல்யாணம் முடிந்து பெண் மாப்பிள்ளையை அழைத்துப்போக ஏற்பாடு செய்திருந்த வாடகைக் கார் வரவே இல்லை. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. மாலையும் கழுத்துமாக இரண்டு பேரையும் டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். பஸ்ஸில் சந்தைக் கூட்டம். மாப்பிள்ளைக்கு இடம் கிடைத்தது, பெண் நின்றாள். அவள் பட்டுப்புடவையை யாரோ ஒருவருடைய கூடைக் கோழி கொத்திக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே என்னை ஒரு பார்வை பார்த்தாள். பொறந்த வீட்டைப் பிரிகிற அழுகைக்கும் கோழி கொத்துகிற அழுகைக்கும் வித்தியாசம் அண்ணனுக்குத் தெரியாதா?

நான் பஸ்ஸோடு கூடவே ஓடி, ஊர் கேட்கக் கத்தினேன்: "ஒன்னய பிரசவத்துக்குக் கூப்பிட வரும்போது பாருட்டி! சொந்தக் கார்ல வாரேன்!"

அப்போது என்னிடம் இருந்தது கேரியர் இல்லாத ஒரு சைக்கிள்.

அடுத்த வருஷமே காரோடு போக வேண்டியிருக்குமோ என்று பயந்தேன். ஆறு வருஷம் அவகாசம் கிடைத்தது. அது சந்தோஷமான அவகாசம் இல்லை. செல்விக்குக் குழந்தை உண்டாகவில்லை. அவள் மாமியார் வாய்விட்டு ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் வாரம் ஒரு கோயிலுக்குக் கூட்டிப்போவார். செல்வி ஊருக்கு வரும்போதெல்லாம் மெலிந்துகொண்டே வந்தாள். அம்மா அடுப்படியில் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள். பிறகு எண்பத்தாறாம் வருஷம் ஒருநாள் கார்டு வந்தது. ஏழாம் மாதம் வளைகாப்பு, வந்து அழைத்துப் போகவும் என்று மாமியார் சொல்லச்சொல்ல யாரோ எழுதியிருந்தார்கள். அடியில் செல்வியின் கோணல் எழுத்தில் ஒரு வரி: "அண்ணே, கார் ஞாபகம் இருக்கா?"

அன்று அழைத்து வந்தால்தான் உண்டு. எட்டாம் மாதத்தில் பெண்ணை இடம் மாற்ற மாட்டார்கள். ஒன்பதாம் மாதம் பயணமே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வர வேண்டும் என்று அவள் ஆறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தது, அந்த ஒரு நாளில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் சூப்பர்வைசர். கூட வேலை பார்த்த ஒருவர் சொல்லி, பஞ்சு மார்க்கெட் பக்கம் பழைய வண்டிகள் வாங்கி விற்கிற காதர் பாயிடம் போனேன். அங்கேதான் அதைப் பார்த்தேன். சீமை ஸ்டேஷன் வேகன். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் எந்தக் காரையும் பிளசர் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பேருக்குப் பொருத்தமான வண்டி. முன்பக்கம் சாதாரணக் கார். பின்பக்கம் முடிய வேண்டிய இடத்தில் முடியாமல், இன்னும் ஒரு குடும்பம் ஏறட்டும் என்பதுபோல நீண்டுகொண்டே போனது. வெயிலில் காய்ந்து காய்ந்து, ஊதாவா சாம்பலா என்று சொல்ல முடியாத நிறம். மேல்கூரைத் துணி கிழிந்து தலையில் உரசியது. ஸ்பிரிங் சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு தடவை மேலே போய்விட்டுத்தான் கீழே நிலைக்கலாம். எனக்கு அதன்மேல் அந்த நிமிஷமே ஆசை வந்துவிட்டது.

காதர் பாய் நேர்மையான மனுஷர். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிற்பாடு எங்கள் வீட்டில் அவரைத்தான் முதலில் திட்டினார்கள்.

"தம்பி, இது ஏலத்துல எடுத்த வண்டி. ஆஸ்பத்திரி சோலிக்கு ஓடுனது. வத்ராப்புப் பக்கம் பூரா சுத்தியிருக்கு. தெரிஞ்சுக்கிட்டு எடுங்க."

"டாக்டருக போன வண்டியா பாய்?"

"டாக்டரும் போனாக..." என்று இழுத்தார்.

அந்த இழுப்பை நான் பிடித்திருக்க வேண்டும். நானோ, டாக்டர்கள் சாய்ந்து உட்கார்ந்த சீட்டைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"வலது பக்கம் பின்கதவு தொறக்காது, அடிச்சு மூடியாச்சு. இடது பக்கம் தொறக்கும். ஆனா அது சண்டிக்கதவு தம்பி. வெளியருந்து லேசாத் தொறக்கும். ஆள் ஏறி ஓங்கி அடைச்சா உள்ளயும் வராது வெளியவும் வராது. அதுக்கு ஒரு பக்குவம் இருக்கு, காட்டுறேன் வாங்க."

"அதெல்லாம் பாத்துக்கிடலாம் பாய். ஹாரன் அடிக்குமா?"

அதன்பின் நடந்தது உங்களுக்குத் தெரியும்.

அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் என் வாழ்க்கையின் பொற்காலம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே காரணமே இல்லாமல் போய்ப்போய் வந்தேன். மேற்கே மலை, பக்கத்து சீட்டில் யாரும் இல்லை, கையில் ஒரு பெரிய ஸ்டியரிங். அதைத் திருப்பினால் செத்த நேரம் யோசித்துவிட்டுத்தான் வண்டி திரும்பும். பஸ்கள் முந்தின, லாரிகள் முந்தின, ஒருமுறை வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டி முந்தப் பார்த்தது. நான் ஹாரன் அடித்துத் தடுத்துவிட்டேன்.

வளைகாப்புக்கு நான்கு நாள் இருக்கும்போதுதான் அதன் நிறம் என் கண்ணை உறுத்தியது. இந்தச் சாம்பலோடு சம்பந்தி வீட்டு வாசலில் போய் நிற்பதா? கார் பெயிண்டர் பத்து நாள் கேட்டார். எங்கள் தெருவில் வீடுகளுக்கு வெள்ளையடிக்கிற மாரிமுத்து ஒரே நாள் கேட்டான். சந்தன நிறத்தில் டிஸ்டம்பர் இருப்பதாகவும் சொன்னான்.

"செவத்துக்கு அடிக்கிறதுண்ணே இது. பிளசர்ல நிக்குமா?"

"மூணு நாளைக்கு நின்னாப் போதும்யா."

"அப்பம் கொஞ்சம் பசையச் சேத்து அடிச்சு விடுறேன்."

சாயங்காலம் மில்லிலிருந்து வந்து பார்த்தால், வண்டி தேய்த்துக் குளித்துச் சந்தனம் பூசிக்கொண்டு நின்றது. மாரிமுத்து கை கழுவிக்கொண்டே சொன்னான்: "பழைய பெயிண்ட உப்புத்தாள் வச்சு உரசுனேண்ணே. அடியில ரெண்டு பக்கமும் செவப்பா என்னமோ இருந்துச்சு, பெருசா. அந்த எடத்துல மட்டும் ரெண்டு கோட்டு சேத்து மறைச்சுட்டேன்."

"சபாஷ்" என்றேன். (வேறு என்ன கேட்டிருக்க வேண்டும் என்பதை நீங்கள் இப்போது கேட்கிறீர்கள். எங்கள் வீட்டில் முப்பது வருஷத்துக்கு மேலாகக் கேட்கிறார்கள்.)

அப்பா வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். பக்கவாட்டில் விரலால் தொட்டார். விரலைப் பார்த்தார். வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"நான் பஸ்ல வாரேன்" என்றார்.

புதன்கிழமை காலை. பின்னால் ஏழு தூக்குப் போணிகளில் ஏழு வகைச் சாதம், வளையல் பெட்டி, பழத்தட்டு. பின்சீட்டில் அம்மா, பட்டுப்புடவை கசங்காமல் கதவை மெல்லச் சாத்திக்கொண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் தெருக்களில் ஹாரன் அடித்துக்கொண்டே கிளம்பினேன். ஐப்பசி மாதம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஐப்பசி என்றால் மழை என்பதும் தெரியும். இரண்டையும் டிஸ்டம்பரோடு சேர்த்து யோசிக்கவில்லை, அவ்வளவுதான். கிருஷ்ணன்கோவிலில் வத்திராயிருப்புக்குத் திரும்பியதும் மழை பிடித்துக்கொண்டது.

"ஏலே, வண்டியில இருந்து மோரு மாதிரி ஊத்துதே" என்றாள் அம்மா, ஜன்னலைப் பார்த்து.

"மழைத் தண்ணிம்மா."

"மழைத் தண்ணி மஞ்சளாவா இருக்கும்?"

"ஊருக்கு ஊரு மாறும்மா" என்றேன். ஓட்டுகிறவனுக்கு வண்டியின் பக்கவாட்டு தெரியாது. இதைத்தான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

கொஞ்ச தூரத்தில் வயல்களில் நின்ற ஆட்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். கார் வருகிறதே என்ற மரியாதை என்று நினைத்து ஹாரன் அடித்தேன். அவ்வளவுதான், மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தார்கள். வரப்பில் ஓடினார்கள், வாய்க்காலைத் தாண்டி ஓடினார்கள். எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் சைக்கிளை நடுரோட்டிலேயே போட்டுவிட்டு கரும்புக்குள் புகுந்தார். மழைக்கு ஒதுங்குகிறார்கள் என்றேன் அம்மாவிடம். நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஒருவரும் ஒதுங்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

வ. புதுப்பட்டி டீக்கடையில் அம்மாவுக்கு ஒரு டீ வாங்க நிறுத்தினேன். கடை திறந்திருந்தது, பாலும் கொதித்துக்கொண்டிருந்தது, கடைக்காரரைக் காணோம். பெஞ்சில் பல்லில்லாத ஒரு பெரியவர் மட்டும் நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"தாத்தா, எல்லாரும் எங்க போயிட்டாக?"

"உங்களுக்குப் பயந்துதான்யா. எனக்கென்ன பயம்? எழுவத்தெட்டு வயசு. என்னைய ஏத்திட்டுப் போயி அங்க என்னத்த அறுக்கப் போறீக?"

பெரியவருக்குப் புத்தி கொஞ்சம் பிசகு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

சம்பந்தி வீட்டு வாசலில் செல்வியின் மாமியார் ஆரத்தித் தட்டோடு நின்றார். வளைந்து வந்து, வண்டியின் பக்கவாட்டு அவருக்குத் தெரியும்படி அழகாக நிறுத்தினேன். சுற்ற எடுத்த தட்டு பாதியில் நின்றது. நான் இறங்கி அவர் பார்த்த இடத்தைப் பார்த்தேன்.

சந்தனம் எல்லாம் கரைந்து சக்கரத்தடியில் குளமாகக் கிடந்தது. கதவுகள் இரண்டையும் அடைத்துக்கொண்டு ரத்தச் சிவப்பில் ஒரு தலைகீழ் முக்கோணம். அதன்கீழ் அளவான குடும்பத்தின் அருமை பெருமைகள் பாதி எழுத்துகளில்.

அந்த முக்கோணத்தைத் தெரியாதவர் அன்று நாட்டில் கிடையாது. எழுபதுகளின் நடுவில் இந்த வண்டிதான் ஊர் ஊராக வந்து, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு ஆண்களை ஏற்றிப் போயிருக்கிறது. பாதிப் பேர் தானாக ஏறினார்கள், மீதிப் பேர் கரும்புக்குள் ஓடினார்கள். நான் அந்த வருஷங்களில் மதுரையில் ஹாஸ்டலில் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தேன், அல்லது படிக்காமல் இருந்தேன். ஆறு வருஷம் தவம் கிடந்து உண்டான பெண்ணை வளைகாப்பு நாளில் அழைத்துப்போக, மாவட்டத்தில் இருந்த அத்தனை வண்டிகளிலும் இந்த ஒரு வண்டியைத் தேடிப்பிடித்து, துடைத்து, சந்தனம் பூசிக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன்.

அப்பா எனக்கு முன்பே பஸ்ஸில் வந்து கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். முக்கோணத்தைப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"ஏன்யா, என் வாசல்ல எதைக் கொண்டாந்து நிறுத்தியிருக்க?" என்றார் அத்தை. செல்வியின் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மாமா எங்க அத்தை?" என்றேன், பேச்சை மாற்ற.

"இந்தா, இங்கனதான் நின்னாக. வண்டி வார சத்தம் கேட்டதும் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாக."

மாமா, அதாவது செல்வியின் மாமனார், பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். முறுக்கு மீசை. எல்லையில் குண்டு மழைக்கு நடுவே நின்ற கதையை அவர் சொல்லிக் கேட்காதவர்கள் அந்த வட்டாரத்தில் இல்லை. என் மச்சானும் அவர் வழியில் பட்டாளத்துக்குப் போய், அப்போது எங்கோ பனியில் இருந்தார். மற்ற மூன்று பையன்களும் படிப்பும் வேலையுமாக வெளியூரில். ஆக, வீட்டில் இருந்த ஒரே வீரர் மாட்டுத் தொழுவத்தில் இருந்தார்.

வளையல் அடுக்குகிற சடங்கு உள்ளே நடந்தது. அத்தை அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. முடித்துவிட்டு வெளியே வந்து தீர்மானமாகச் சொன்னார்: "எம் மருமக இந்த வண்டியில காலு வைக்க மாட்டா. இதப் பாத்தாலே ஆகாது. பன்னெண்டுக்கு ராகு காலம். அதுக்குள்ள வேற வண்டி பாத்தாப் பாரு. இல்லன்னா பிரசவம் இங்கனதான்."

அந்த மழையில் வேறு வண்டிக்கு எங்கே போவது? செல்வி வாசற்படியில் இரண்டு கையிலும் வளையலோடு நின்றாள். அந்தப் பழைய பஸ் ஜன்னல் பார்வைதான். எனக்கு அங்கேயே செத்துவிடலாம்போல இருந்தது.

"கழுவிருறேன் அத்தை! முக்கோணத்தைத் தேய்ச்சு எடுத்துருறேன்!"

அத்தை ஒரு ரோஸ் நிற பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுவந்து வைத்தார். அவ்வளவு கோபத்திலும் அவருக்கு ஒரு பெருமை. "பாத்துப் பொழங்கு. அவிய மிலிட்டரி கேன்டீன்ல வாங்கிட்டு வந்தது. பத்து வருசமாச்சு, ஒரு கீறல் கெடையாது."

மொண்டு மொண்டு ஊற்றி, தேங்காய் நாரால் தேய்த்தேன். மிச்சமிருந்த டிஸ்டம்பரும் போனது. அந்தக் காலத்துப் பெயிண்ட் தரமானது. தேய்க்கத் தேய்க்க முக்கோணம் புதுசாக மின்ன ஆரம்பித்தது. மறைந்திருந்த பாதி எழுத்துகளும் தெளிவாக வந்துவிட்டன.

"போதும்யா, விடு" என்றார் அப்பா கூடத்திலிருந்து. அந்த வண்டி விஷயமாக அவர் பேசிய இரண்டாவது வாக்கியம்.

அப்போது செல்வி படியிறங்கினாள். மழையில் நனைந்துகொண்டே வந்து, பின்கதவைத் திறந்து, உள்ளே உட்கார்ந்தாள்.

"அத்தை, எங்க அண்ணன் ஆறு வருசத்துக்கு முந்திச் சொன்ன வார்த்தைக்காக வந்திருக்கு. கோட்டித்தனமாத்தான் வந்திருக்கு. ஆனா வந்துருச்சுல்ல? நான் இதுலதான் போவேன்."

கதவை ஓங்கி அடைத்தாள்.

அந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷத்தில் அவள் மாமியாரை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. "ஏட்டி, எறங்குட்டி" என்றார் அத்தை. "எறங்க மாட்டேன்" என்றாள் இவள். தங்கையின் வீரத்தில் எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. கூரைத் துணியில் தேங்கியிருந்த மழைத்தண்ணீர் மொத்தமாக அவள் தலையில் கொட்டும் வரை.

இறங்கப் பார்த்தாள். கதவு வரவில்லை. நான் வெளியிலிருந்து இழுத்தேன். வரவில்லை. கண்ணாடியை இறக்கப் பார்த்தாள், கைப்பிடி கையோடு வந்தது. மறுபக்கக் கதவு அடித்து மூடியது. முன்சீட்டைத் தாண்டி வர ஏழு மாத வயிறு விடாது. பின்னால் சாமான் ஏற்றுகிற வழியிலும் அதே கதை. மழையில் கண்ணாடி எல்லாம் ஆவி படிந்து அவள் முகம் மங்கலாகத் தெரிந்தது.

"அண்ணே, மூச்சு முட்டுதுண்ணே" என்றாள்.

சிரிப்பெல்லாம் அதோடு போய்விட்டது. காதர் பாய் காட்டுகிறேன் என்று சொன்ன பக்குவம் என்ன? ஹாரனைத் தவிர அன்று நான் எதையாவது காதில் வாங்கினேனா? கதவைக் குத்தினேன், உதைத்தேன். அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். அத்தை "பெருமாளே, பெருமாளே" என்று கண்ணாடியைத் தடவிக்கொண்டிருந்தார். கல்லை எடுத்துக் கதவுக் கண்ணாடியை உடைக்கலாம் என்று குனிந்தேன்.

"தள்ளு மருமகனே."

மாமா. மீசையில் வைக்கோல் ஒட்டிக்கொண்டிருந்தது. தொழுவத்திலிருந்து நேராக வந்திருந்தார். கதவருகே வந்து ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கைப்பிடியைக் கீழே அழுத்தாமல் மேலே தூக்கினார், கதவின் அடியில் முழங்காலால் ஒரு முட்டு, கண்ணாடிக்குக் கீழே உள்ளங்கையால் இரண்டு தட்டு. கதவு சாதுவாகத் திறந்தது.

"பயப்படாதம்மா, எறங்கு" என்று துண்டை அவள் தலைக்கு மேலே விரித்துப் பிடித்தார். செல்வி இறங்கி மூச்சு வாங்கிக்கொண்டு என் தோளைப் பிடித்தாள். எல்லோருக்கும் உயிர் வந்தது. அந்த நிம்மதியில் மாமா தானாகப் பேசினார்: "அன்னைக்கும் இப்படித்தான் சண்டித்தனம் பண்ணுச்சு சனியன். ஒரு மணி நேரம் உள்ள ஒக்காந்து தட்டுறோம். பொறவு டிரைவர் வந்துதான் இப்படித் தொறந்து..."

நிறுத்திவிட்டார். நிறுத்தியது கொஞ்சம் பிந்திவிட்டது.

அத்தை மெதுவாகத் திரும்பினார்.

"என்னைக்கு?"

மாமா மீசையைத் தொட்டார், வைக்கோல் கையில் வந்தது. அத்தையின் கண் அவரை விட்டு என்மேல் வந்தது, என் முகத்தை விட்டுக் கைக்கு இறங்கியது. கையில் வாளி. எனக்கு என்ன தோன்றியதோ, வாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அது உதவவில்லை. ஆபரேஷனுக்குப் போனவர்களுக்கு அந்தக் காலத்தில் வாளி கொடுத்தார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

"அந்த வாளிய இங்கிட்டுக் கொண்டா" என்றார். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மிலிட்டரி கேன்டீன்ல?"

"கேன்டீன் மாதிரித்தான்..." என்றார் மாமா.

"நாலு பயலுகளுக்குப் பொறவு ஒரு பொட்டப்புள்ள வேணும்னு எட்டு வருசம், எட்டு வருசம் புரட்டாசிச் சனிக்கெழம தவறாம ஸ்ரீவில்லிபுத்தூருத் திருவண்ணாமலைப் பெருமாளுக்கு அம்புட்டுப் படியும் ஏறுனேனே! கண்ணத் தொறக்க மாட்டேங்கீகளேன்னு அவரோட சண்டை போட்டேனே! நீங்க பக்கத்துல நின்னு கற்பூரம் ஏத்துனீகளே!"

குண்டு மழையில் நின்றவருக்கு இந்த மழையில் நிற்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "நாலாவதுக்கு ஒனக்கு உசுரு போயிட்டு வந்துச்சு. இன்னொண்ணு தாங்காதுன்னு நர்சம்மா எங்கிட்ட தனியாக் கூப்பிட்டுச் சொன்னாக. ஒங்கிட்ட சொன்னா நீ கேக்கவா போற? அதான், வண்டி வந்தப்ப ஏறிட்டேன்."

அத்தை வாளியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். முகத்தில் வழிந்தது மழையா என்று தெரியவில்லை. பிறகு விறுவிறுவென்று உள்ளே போனார். பானையைத் தூக்கி எறியப் போகிறார் என்று நினைத்தோம். நான்கு சேலையை மஞ்சப்பையில் திணித்துக்கொண்டு, வாளியையும் எடுத்துக்கொண்டு வந்து, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"கெளப்புய்யா. ராகு காலம் வருது."

"அத்தை... இந்த வண்டி ஆகாதுன்னு..."

"இந்த வண்டி செய்யுற சோலிய எங்குடும்பத்துக்கு என்னைக்கோ செஞ்சு முடிச்சுருச்சு. இனிமே என்ன செஞ்சுரும்? எடு."

செல்வியும் அம்மாவும் பின்னால் ஏறினார்கள். கதவை அடைக்காமல் கயிற்றால் கட்டினோம். மாமா வாசலில் நின்று, அந்தக் கயிற்றை மட்டும் ஒருமுறை இழுத்துச் சரிபார்த்தார். அத்தை அவர் பக்கம் திரும்பவில்லை. "நான் பஸ்ல வாரேன்" என்றார் அப்பா.

வத்திராயிருப்பு தாண்டியதும் மழை விட்டது. மலை கழுவிவிட்டதுபோல இருந்தது. வயலுக்குத் திரும்பியிருந்த ஆட்கள் எங்களைப் பார்த்து மறுபடியும் ஓடத் தொடங்கினார்கள். அத்தை ஜன்னலில் தலையை நீட்டி, "ஓடாதீகலே! இது எங்க வீட்டு வண்டி!" என்று கத்தினார். பிறகு இந்தப் பக்கம் கையை நீட்டி, என்னைக் கேட்காமலே ஹாரனை அழுத்தினார். இன்னொரு தடவை அழுத்தினார். பின்னால் செல்வி வளையல் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எனக்கு ஆறு வருஷமாகியிருந்தது.

அத்தை எங்கள் வீட்டில் பிரசவம் வரை இருந்தார். மாமா வாரம் ஒருமுறை கத்தரிக்காயும் முருங்கைக்காயுமாக வந்து, வாசலில் அப்பாவோடு உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். இரண்டு மாதம் அத்தை அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. காப்பி மட்டும் கொடுத்தனுப்புவார், அவருக்குப் பிடித்த அளவுச் சர்க்கரையோடு.

செல்விக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அத்தை நேராக மாமாவிடம் வந்தார். "பாத்துக்கிடுங்க. நான் கேட்ட புள்ள வந்துட்டா" என்றார். மாமாவுக்கு மீசை துடித்தது, கண் கலங்கியது, குழந்தையை வாங்கக் கை நீட்டினார். அத்தை கொடுக்கவில்லை. "வேண்டுதல் பாக்கி இருக்கு. எட்டு வருசம் நான் ஏறியாச்சு. இனி எட்டு வருசம் நீங்க ஏறணும்." அவர் சரியென்று தலையாட்டிய பிறகுதான் கொடுத்தார்.

எட்டுப் புரட்டாசிக்கும் மாமாவை மலையடிவாரம் வரை கொண்டுபோய் விட்டது நான்தான், அதே பிளசரில். முக்கோணத்தின்மேல் ஒழுங்கான பெயிண்ட் அடித்தாகிவிட்டது, கதவை மட்டும் சரிசெய்யவில்லை. அத்தை சரிசெய்ய விடவில்லை. பின்சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, "எறங்கி வந்து தொறங்க, ஒங்களுக்குத்தான் தொறக்கத் தெரியுமே" என்பார். எட்டாவது வருஷம் மாமா கடைசிப் படி ஏறி இறங்கி வந்த மறுமாதம், தன் கடமை முடிந்ததுபோல வண்டியும் நின்றுவிட்டது. இன்றும் எங்கள் குடும்பத்தில் பீரோ கதவோ ஊறுகாய் ஜாடியோ திறக்காவிட்டால், "மிலிட்டரி மாமாவைக் கூப்பிடு" என்று எங்கிருந்தாவது ஒரு குரல் வரும்.

அந்தக் குழந்தைக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. சீர்வரிசைத் தட்டுகளை வரிசையாக அடுக்கும்போது, வெள்ளிக் குத்துவிளக்குக்கும் முன்னால் அத்தை அந்த ரோஸ் வாளியைக் கொண்டுவந்து வைத்தார். மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருவர், "சீர்ல எதுக்குங்க பிளாஸ்டிக் வாளி?" என்று கேட்டார்.

"மிலிட்டரி கேன்டீன் வாளிங்க" என்றார் அத்தை. "லேசுல கெடைக்காது." சொல்லிவிட்டு மாமாவைத் திரும்பிப் பார்த்தார். எண்பது வயது மாமா மீசையைத் தடவிக்கொண்டே, மாடு இல்லாத அந்தக் கல்யாண மண்டபத்தில், மாட்டுக்குத் தண்ணி காட்டக் கிளம்பினார்.